தம்பி முதல் முறையாகக் கடைத் திருட்டில் மாட்டிக்கொண்டான், சிறை உறுதியா?

பிறை_அக்கா:

வணக்கம். சொந்தக்காரர்களிடம் கேட்க முடியாத விஷயம், அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன். என் தம்பி பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பேரங்காடிக்குள் இருக்கும் கடையில் ஒரு புளூடூத் ஸ்பீக்கரையும் ஒரு ஜோடி காலணியையும் பைக்குள் போட்டுக்கொண்டு பணம் கட்டாமல் வெளியே வந்திருக்கிறான். வாசலிலேயே பாதுகாவலர் பிடித்துவிட்டார். இரண்டும் சேர்த்து 437 ரிங்கிட். பொருள் அங்கேயே கடைக்காரர் கைக்குப் போய்விட்டது, சேதம் எதுவும் இல்லை. போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போய் லோக்காப்பில் வைத்து, மறுநாள் ரிமாண்ட் எடுத்து, அப்புறம் போலீஸ் ஜாமீனில் விட்டார்கள். வரும் வியாழக்கிழமை காலை லைட் ஸ்திரீட் கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கு முன்னால் அவன் மேல் எந்தக் கேஸும் இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்க்கிறான், ஷிப்டுக்கு ஒழுங்காகப் போகிறவன். ஏன் செய்தாய் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு அழுகிறான், பதிலே வரவில்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

இப்போது ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மாமா, "போனதும் குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொல், அன்றைக்கே முடிந்துவிடும்" என்கிறார். கடை மேலாளரிடம் கெஞ்சினோம், அவர் புகாரை மீட்டுக்கொள்வதைப் பற்றி மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். இன்னொருவர், தெரிந்த ஆள் ஒருத்தர் இருக்கிறார், 3,000 ரிங்கிட் கொடுத்தால் ஃபைல் கோர்ட்டுக்கே போகாது என்கிறார். முதல் தடவை என்றால் உள்ளே போட மாட்டார்கள் என்பது உண்மையா? வக்கீல் வைக்கப் பணம் இல்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஜெலுத்தோங்_மணி:

தங்கச்சி, பயப்பட வேண்டாம். முதல் தடவை, பொருளும் திரும்பக் கிடைத்துவிட்டது, 400 சொச்சம் ரிங்கிட்தான். என் கூட்டாளி ஒருத்தன் பைக் ஹெல்மெட் எடுத்து மாட்டினான், அபராதம் போட்டு விட்டுவிட்டார்கள். அபராதக் காசைத் தயார் செய்துகொண்டு போங்கள், அவ்வளவுதான்.

வக்கீல்_ஆபீஸ்_குமாஸ்தா:

மணி அண்ணன் நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் அதை நம்பிக்கொண்டு வெறுங்கையோடு கோர்ட்டுக்குப் போய்விடாதீர்கள். நான் பினாங்கில் குற்ற வழக்குகள் எடுக்கும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், வக்கீல் கிடையாது. ஆனால் இந்த மாதிரி கடைத் திருட்டுக் கேஸ் எங்கள் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கும்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். ஜாமீன் தாளிலோ ரிமாண்ட் தாளிலோ எந்த செக்‌ஷன் போட்டிருக்கிறார்கள்? திருட்டு என்று வாயால் சொல்வது ஒன்றுதான், ஆனால் குற்றவியல் சட்டத்தில் பல செக்‌ஷன்கள் இருக்கின்றன. செக்‌ஷன் 379 சாதாரணத் திருட்டு. அதற்கு 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதாவது மேஜிஸ்திரேட் விரும்பினால் அபராதத்தோடு மட்டும் அனுப்பிவிடலாம். ஹெல்மெட் கேஸ் அந்த செக்‌ஷனில் வந்திருக்கலாம். செக்‌ஷன் 380 என்பது வீடு, கடை, கிடங்கு மாதிரி ஆள் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டு. இதற்கு உச்சம் 10 ஆண்டு, அபராதமும் சேர்த்துப் போடலாம், ஆனால் சிறையை விட்டுவிட்டு அபராதம் மட்டும் என்று 380-ல் எழுதப்படவில்லை. பேரங்காடியில் எடுத்தால் பெரும்பாலும் 380-தான் போடுவார்கள். மோட்டார் சைக்கிளோ காரோ திருடினால் 379ஏ, அதில் குறைந்தபட்சமே ஓர் ஆண்டு, முதல் தடவை என்றாலும் அதேதான். எல்லாத் திருட்டையும் ஒரே மாதிரி நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

10 ஆண்டு என்றதும் பயந்துவிடாதீர்கள். அது சட்டத்தில் இருக்கும் உச்சம். மேஜிஸ்திரேட் கோர்ட்டுக்கே 5 ஆண்டுக்கு மேல் சிறை போட அதிகாரம் கிடையாது, உங்கள் தம்பி கேஸில் அதன் பக்கத்தில் கூடப் போகாது. முதல் முறை, சிறிய தொகை, பொருள் திரும்பக் கிடைத்தது, குற்றத்தை ஒத்துக்கொண்டது, இவையெல்லாம் சேரும்போது 380-ல் ஒரு நாள் சிறையும் அபராதமும் என்று முடிந்த கேஸ்கள் நிறைய. ஒரு நாள் என்றால் பெரும்பாலும் அன்றைக்குக் கோர்ட் நேரம் முடியும்வரை அங்கேயே லோக்காப்பில் இருப்பது. ஆனால் அதே செக்‌ஷனில், அதே முதல் தடவை ஆள், சில மாதம் உள்ளே போனதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கேஸ்களில் நான் கண்டது, அவனுக்காகப் பேச யாரும் இல்லை. "எதாவது சொல்ல வேண்டுமா" என்று கேட்டதும் "மன்னித்துவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தான். அவன் வேலை பார்க்கிறவனா, அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவனா, எதுவும் மேஜிஸ்திரேட்டுக்குத் தெரியாது. முதல் தடவை என்பது தன்னால் வேலை செய்யாது தங்கச்சி, அதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

தம்பிக்கு வயது என்ன? இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். செக்‌ஷன் எண்ணையும் வயதையும் எழுதுங்கள், மீதியைச் சொல்கிறேன்.

செந்தூல்_அம்மா:

அம்மா, உன் அம்மாவின் நிலைமை எனக்குத் தெரியும். என் பெரிய மகனுக்கும் இதே மாதிரிதான், ஜாலான் டூத்தா கோர்ட்டில் நடந்தது. ஒரு நாள் சிறை, அபராதம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டான், நாங்களும் அப்பாடா என்று இருந்தோம். பிரச்சினை அதற்கப்புறம் வந்தது. ஒரு நாளோ ஒரு வருடமோ, தீர்ப்பில் குற்றவாளி என்று பதிவானால் கைரேகையோடு போலீஸ் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அவன் வெளிநாட்டு வேலைக்காக நன்னடத்தைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது அது வந்து நின்றது. அரசாங்க வேலைக்குக் கேட்டாலும் பாதுகாப்பு வேலைக்குக் கேட்டாலும் அந்தக் கேள்வி வரும். அதனால் "அன்றைக்கே முடிந்துவிடும்" என்று மாமா சொல்வதை மட்டும் கேட்காதே. அன்றைக்கு முடிவது கோர்ட் வேலை மட்டும்தான். பையனுக்கு இன்னும் நாற்பது வருட வாழ்க்கை இருக்கிறது, எப்படி முடிகிறது என்பதைப் பார்.

இன்னொன்று, அவனைத் திட்டிக்கொண்டே இருக்காதீர்கள். என் மகன் அந்த நாட்களில் அறையை விட்டே வெளியே வரமாட்டான். யாராவது ஒருவர் அவன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது நல்லது.

பிறை_அக்கா:

எல்லாருக்கும் நன்றி. தாளை எடுத்துப் பார்த்தேன், செக்‌ஷன் 380 என்றுதான் இருக்கிறது. தம்பிக்கு 20 வயது, டிசம்பரில் 21 ஆகிறது. கடை மேலாளர் மறுபடி அழைத்தார், தலைமை அலுவலகம் ஒத்துக்கொண்டால் புகாரை மீட்டுக்கொள்கிறோம் என்கிறார். அப்படி மீட்டுக்கொண்டால் கேஸ் இல்லாமல் போய்விடுமா? அந்த 3,000 கேட்கிற ஆளும் விடாமல் அழைத்துக்கொண்டே இருக்கிறார், வியாழனுக்குள் கொடுக்கவில்லை என்றால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று.

வக்கீல்_ஆபீஸ்_குமாஸ்தா:

அந்த ஆளின் எண்ணை இப்போதே முடக்குங்கள். போலீசுக்கோ கோர்ட்டுக்கோ காசு கொடுத்து ஃபைலை நிறுத்துகிறேன் என்பவன் ஒன்று உங்களை ஏமாற்றுகிறான், அல்லது லஞ்சம் கொடுக்க உங்களை இழுக்கிறான். லஞ்சம் கொடுப்பவருக்கும் 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி 20 ஆண்டு வரை சிறை உண்டு. 437 ரிங்கிட் கேஸுக்காக ஒரு குடும்பமே அதில் போய் விழுவதா? கோர்ட் வராண்டாவில் இந்த மாதிரி ஆட்கள் நம் ஆட்களைத்தான் குறிவைக்கிறார்கள், மலாயில் தயங்கித் தயங்கிப் பேசும் அம்மாக்களைப் பார்த்தாலே பக்கத்தில் வந்து நிற்பார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

கடைக்காரர் விஷயம். புகாரை மீட்டுக்கொள்வதால் மட்டும் கேஸ் சாகாது. குற்றம் சாட்டுவதா, நிறுத்துவதா, செக்‌ஷனை மாற்றுவதா என்று முடிவெடுப்பது அரசுத் தரப்பு, அந்த அதிகாரம் அரசியல் சாசனம் 145(3)-ன் கீழ் அட்டர்னி ஜெனரலுக்கு உரியது, கோர்ட்டில் அவருக்காக நிற்பவர் டிபிபி. இருந்தாலும் கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் கடிதம் வீண் போகாது. பொருள் முழுதாகத் திரும்பக் கிடைத்தது, எங்களுக்கு நஷ்டம் இல்லை, வழக்கைத் தொடர விருப்பம் இல்லை, இந்த மூன்றும் அவர்களுடைய கடிதத்தாளில் கையெழுத்தோடு வேண்டும். வாய்மொழி எதற்கும் உதவாது.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு வக்கீல் டிபிபிக்கு 'ரெப்ரசெந்தாசி' எழுதுவார், அதாவது குற்றச்சாட்டை விலக்கும்படியோ குறைக்கும்படியோ கேட்கும் கடிதம். உங்கள் கேஸில் கேட்க வேண்டியது, 380-ஐ 379-க்கு இறக்கச் சொல்லி. சில நேரம் 1955ஆம் ஆண்டு சிறு குற்றங்கள் சட்டத்தின் செக்‌ஷன் 29-க்குக் கூட இறக்குவார்கள், அது இன்னும் மிகச் சிறியது. டிபிபி ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் கேட்காமல் யாரும் தானாக இறக்கித் தர மாட்டார்கள்.

ஏன் 379-க்கு இறக்குவதை இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், அபராதத்தோடு முடியலாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் செக்‌ஷன் 294 என்று ஒன்று இருக்கிறது, முதல் தடவை குற்றம் செய்தவரை உடனே தண்டிக்காமல் நன்னடத்தைப் பிணையில் விடலாம், அந்தக் காலத்தில் ஒழுங்காக இருந்தால் சிறைக்குப் போகத் தேவையில்லை. 173ஏ இன்னும் ஒரு படி மேல், அதில் குற்றவாளி என்ற பதிவே இல்லாமல் விடுவிக்க முடியும். செந்தூல் அம்மா சொன்ன பிரச்சினைக்கு இதுதான் நேரான மருந்து. ஆனால் கடுமையான குற்றங்களுக்கு இந்தச் சலுகைகள் கிடையாது, 380-ன் உச்சம் 10 ஆண்டு என்பதால் அரசுத் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கும். 379-ல் அந்தத் தகராறு வராது.

வயது 20 என்பது உங்களுக்குப் பெரிய சாதகம். 18-க்கு மேல் 21-க்குக் கீழ் இருப்பவர்களைச் சட்டம் இளம் குற்றவாளி என்கிறது, செக்‌ஷன் 293 அவர்களுக்காகவே இருக்கிறது. எச்சரித்து விடுவது, பெற்றோர் பொறுப்பில் பிணையில் விடுவது, சமூகச் சேவை, இந்த வழிகளெல்லாம் அதில் உண்டு. சமூகச் சேவை என்றால் மொத்தம் 240 மணி நேரத்துக்கு மேல் போகாது. மேஜிஸ்திரேட் சமூகநல இலாகாவிடம் நன்னடத்தை அறிக்கை கேட்கலாம், அதிகாரி வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் உங்களிடமும் பேசுவார். அவர் வரும்போது எதையும் மறைக்காதீர்கள். தீர்ப்பு வரும் நாளில் அவனுக்கு என்ன வயது என்பதும் பேச்சுக்கு வரும், அதனால் பிறந்த தேதியை வக்கீலிடம் முதல் வேலையாகச் சொல்லுங்கள், டிசம்பரைத் தாண்டி இழுக்க விடக் கூடாது.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றீர்கள். தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது, ஒய்பிஜிகே என்பார்கள், மலேசியக் குடிமக்களுக்கு குற்ற வழக்கில் உதவும் அமைப்பு. பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. நாளைக் காலையே தொடர்புகொள்ளுங்கள், வியாழன் காலை கோர்ட் வாசலில் தேடிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தம்பியின் சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்கு, ஐசி (அடையாள அட்டை) நகல், அம்மாவின் மருத்துவ அட்டை, வேலை இடத்திலிருந்து ஒரு கடிதம் கிடைத்தால் அது, கடைக்காரரின் கடிதம், எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுக் கொண்டு போங்கள்.

சட்டம்_படிக்கிறேன்_கேஎல்:

குமாஸ்தா அண்ணன் சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். வியாழக்கிழமை குற்றச்சாட்டை வாசிக்கும்போது தமிழில் வேண்டும் என்று கேட்கலாம், கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். தம்பிக்கு மலாய் நன்றாகத் தெரியும் என்றாலும் பதற்றத்தில் எதற்கு ஆமாம் சொல்கிறோம் என்று தெரியாமல் தலையாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வக்கீல் இன்னும் கிடைக்கவில்லை என்றால், சட்ட உதவிக்கு விண்ணப்பித்திருக்கிறேன், வேறு தேதி கொடுங்கள் என்று மேஜிஸ்திரேட்டிடம் கேட்கட்டும். அன்றைக்கே ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வேறு தேதி வாங்கிவிட்டுப் பின்னால் ஒத்துக்கொண்டாலும் தண்டனைக் குறைப்பு கிடைக்கும். குற்றத்தை ஒத்துக்கொண்டவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை குறைப்பது நம் நீதிமன்றங்களில் வழக்கமாக இருந்து வருகிறது.

குறுகிய காலச் சிறைதான் கொடுக்கலாம் என்று மேஜிஸ்திரேட் நினைத்தால், அதற்குப் பதிலாகக் கட்டாய வருகை உத்தரவு கேட்கும் வழியும் இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் அது. மூன்று மாதத்துக்கு மேல் போகாத சிறை போடக்கூடிய கேஸ்களில், உள்ளே அனுப்பாமல் ஒரு நாளைக்கு 4 மணி நேரம் வரை சொல்கிற இடத்துக்கு வந்து வேலை செய்யச் சொல்லலாம், அதுவும் மூன்று மாதத்துக்குள். வேலையை விடாமல் இருக்கலாம் என்பது இதில் பெரிய விஷயம்.

மோசமான தீர்ப்பு வந்தாலும் அன்றோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். 14 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்கலாம். குற்றத்தை ஒத்துக்கொண்டிருந்தாலும் தண்டனை அதிகம் என்று மேல்முறையீடு செய்ய முடியும், அதுவரை தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லியும் கேட்கலாம். லோக்காப்பில் இருந்த நாட்களையும் கணக்கில் எடுக்கச் சொல்லி வக்கீல் கேட்க வேண்டும்.

இன்னொன்று அக்கா, இதை அவனுக்கும் சொல்லுங்கள். இரண்டாவது முறை மாட்டினால் 379-லும் சரி 380-லும் சரி சிறை நிச்சயம், அதோடு அபராதமோ பிரம்படியோ சேரலாம். இன்றைக்கு நாம் பேசிக்கொண்டிருக்கும் வழிகளில் பல அப்போது இருக்காது.

ஜெலுத்தோங்_மணி:

நான் சொன்னது அரைகுறைதான் போல. தங்கச்சி, குமாஸ்தா சொல்கிறபடி செய்யுங்கள். லைட் ஸ்திரீட் பக்கம்தான் என் வேலை, வியாழன் காலை யாராவது கூட நிற்க வேண்டும் என்றால் ஒரு தனிச்செய்தி போடுங்கள்.

பிறை_அக்கா:

இன்று சட்ட உதவி மையத்தில் பேசினேன். ஒரு வக்கீல் அம்மா தமிழிலேயே பேசினார், பொறுமையாகக் கேட்டார். வியாழன் அன்று வருகிறேன், தம்பி வாயைத் திறந்து எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம், ரெப்ரசெந்தாசி எழுத அவகாசம் கேட்கலாம் என்றார். கடை மேலாளர் கடிதம் தர ஒத்துக்கொண்டார், நாளை போய் வாங்குகிறேன். மாமாவுக்கு இதை விளக்கிச் சொல்லிப் புரியவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அந்த 3,000 ஆளின் எண்ணை முடக்கிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், வேறு தேதி கொடுத்தால் அதுவரை தம்பி வீட்டுக்கு வர முடியுமா? அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

செந்தூல்_அம்மா:

வரலாம் அம்மா, ஆனால் அதற்கு ஜாமீன் வேண்டும். போலீஸ் ஜாமீன் வேறு, கோர்ட் ஜாமீன் வேறு, கோர்ட்டில் புதிதாகத் தொகை சொல்வார்கள். எவ்வளவு என்பது மேஜிஸ்திரேட் கையில், நீ தாயின் மருந்துச் செலவு, உன் சம்பளம் எல்லாம் சொல்லி வக்கீலைக் குறைக்கச் சொல்லிக் கேட்கச் சொல். ஜாமீன்தாரராக நிற்பவர் குடிமகனாக இருக்க வேண்டும், ஐசி அசலைக் கொண்டு வர வேண்டும். நீயே நிற்கலாம். காசு கையில் இருக்கட்டும், கவுண்டர் மூடுவதற்குள் கட்டி முடிக்கவில்லை என்றால் அன்றிரவு அவனைச் சிறைக்குத்தான் அனுப்புவார்கள், தண்டனையே கிடைக்காவிட்டாலும். எங்களுக்கு அன்றைக்குக் காசு புரட்ட அலைந்து நான்கு மணி ஆகிவிட்டது, என் மகனைக் கூண்டு வண்டியில் ஏற்றுவதற்கு வரிசையில் நிறுத்திவிட்டார்கள். மொத்தக் காசும் முன்னாலேயே எடுத்து வை, யாரிடமாவது கடன் வாங்குவதாக இருந்தால் புதன்கிழமையே வாங்கிவிடு.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. மேஜிஸ்திரேட் குடும்பத்தைப் பார்ப்பது நல்லது, பையனுக்கும் அம்மா பின்னால் இருப்பது தெம்பு. ஆனால் உள்ளே அழக் கூடாது, பேசக் கூடாது, கைப்பேசியை அணைத்துவிடச் சொல். பையனுக்கு நீளக் கைச் சட்டை, பேன்ட், காலணி. காலையிலேயே சாப்பிட வைத்துக் கூட்டிக்கொண்டு போ, அவன் பெயரை எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.